நிற்கத் தெரிந்தவன்

சென்றாயனை அவன் அத்தை நஞ்சம்மாளுக்குப் பிடிக்காது. காரணம் கேட்டால் நீட்டி முழக்க மாட்டாள். "அவன் நிக்கிறான்" என்பாள். குற்றப்பத்திரிகை அவ்வளவுதான்.

நியாயமாகப் பார்த்தால் அதில் பொய் கிடையாது. சென்றாயன் ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். விருந்துக்குப் போனாலும் வாசலிலேயே நிற்பான்; யாராவது உட்காரச் சொன்னால்தான் உட்காருவான். ஒருமுறை பாப்பாரப்பட்டியில் அத்தை வீட்டுக் களத்தில் கேழ்வரகு கொட்டிக் கிடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வீடே கூடையும் முறமுமாகப் பறந்தது. இவன் மட்டும் களத்தின் நடுவில், எதை முதலில் அள்ளுவது என்று யோசித்தபடி நனைந்துகொண்டு நின்றான். "வந்தா நிக்கிறான், சொன்னா நிக்கிறான், மழ பேஞ்சாலும் நிக்கிறான். இவன் ஆளா, வேடியப்பன் கல்லா?" என்று நஞ்சம்மாள் ஊர் கேட்கக் கத்தினாள். வயலோரம் நட்டிருக்கும் பழைய வீரன் கல்லைத்தான் அந்தப் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். கல்லுக்காவது வருஷத்துக்கு ஒரு பொங்கல் உண்டு. சென்றாயனுக்கு அன்றைக்கு ஒரு வாய் மோர்கூடக் கிடைக்கவில்லை.

அத்தைக்குப் பிடிக்காமல் போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. அத்தையிடம் பாஞ்சாலி இருந்தாள். ஒரே மகள். சென்றாயனுக்கு முறைப்பெண். பாஞ்சாலிக்கு இவன்மேல் பிரியம் என்பது அந்த வீட்டு மாடு கன்றுக்குக்கூடத் தெரியும். மாமன் முனியப்பனுக்கும் தன் அக்கா மகன், அதுவும் காலேஜில் படிக்கிறவன், மருமகனாக வர வேண்டும் என்று கொள்ளை ஆசை. நஞ்சம்மாளோ தன் அண்ணன் மகன் கோவிந்தனுக்குக் கொடுக்க நினைத்திருந்தாள். கோவிந்தனுக்குத் தொப்பூரில் சொந்த லாரி. சேலத்துக்கும் பெங்களூருக்குமாக ஓட்டிக்கொண்டே இருப்பான். சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலைப் பார்த்துத்தான் இருக்கும்.

இந்த நிலையில்தான் முனியப்பன் ஒரு நாள் அக்கறையாகக் கேட்டுத் தொலைத்தார்.

"மாப்ள, காலேஜில புட்பால் டீமுல இருக்கியாமே. எத்தினி கோலு போட்ட?"

"போடுவேங்க மாமா" என்றான் சென்றாயன். பொய் சொல்லத் தெரியாதவன், எதிர்காலத்தில் சொன்னான். மாமன் அதைச் சந்தையில் இறந்தகாலத்தில் பரப்பினார். பேச்சு சுற்றி வளைத்து நஞ்சம்மாள் காதுக்கு வந்தது.

"நிக்கிறவன் எங்க கோலு போடறது?" என்றாள் அவள். "தை மாசம் நம்மூரு போட்டிக்கு அந்தக் காலேஜும் வருதுன்றாங்க. எங் கண்ணு முன்னால ஒரு கோலு போடட்டும். பாஞ்சாலிய அவனுக்கே குடுத்துடறேன். போடலேன்னா தொப்பூருக்குச் சொல்லி அனுப்பிடுவேன். அப்பறம் யாரும் எங்கிட்ட வாயத் தொறக்கக் கூடாது."

முனியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டு, சரி என்று தலையாட்டிவிட்டார். அவர் அந்தக் காலேஜ் டீம் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டிருப்பார்.

அடேயப்பா, அது என்ன டீம்! கல்லூரி தொடங்கி நாலாவது வருஷம். முந்தின வருஷம் முழுக்க அவர்கள் கணக்கில் ஏறியது ஒரே ஒரு கோல். அதையும் எதிரி டீம்காரன் கால் தவறித் தன் கோலுக்குள்ளேயே தட்டிக் கொடுத்தான். ஆள் இல்லாமல் இல்லை. அல்போன்ஸ் என்று ஒரு சென்டர் பார்வர்டு இருந்தான். ஒல்லிக்குச்சி. சர்ச் பள்ளிக்கூடத்துத் திடலில் வளர்ந்தவன், பந்து அவன் காலைவிட்டு இறங்க மறுக்கும். ஆனால் பந்து அவனிடம் போனதும் எதிரி பக்கத்தில் மூன்று பேர் அவனைச் சூழ்ந்துகொள்வார்கள். இவன் பக்கத்துப் பத்துப் பேரும் வெல்லக்கட்டியைக் கண்ட எறும்பு மாதிரி அங்கேயே போய் மொய்ப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குள் அல்போன்ஸ் எங்கே என்று தேடி எடுப்பதற்குள் பந்து இந்தப் பக்கம் கோலுக்குள் கிடக்கும். எல்லாரும் சேர்ந்து அல்போன்ஸைத் திட்டுவார்கள்.

டீமுக்குப் பொறுப்பு உடற்பயிற்சி ஆசிரியர் சவரிமுத்து. பி.டி. சார் என்பார்கள். ஓட்டப் பந்தயக்காரர், புட்பால் அவருக்குப் புதுசு. அதை அவர் மறைக்கவும் இல்லை. படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று சென்னைக்குப் போனபோது பழைய புத்தகக் கடையில் தேடி, அட்டையும் முன்பக்கங்களும் கிழிந்துபோன தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். பக்கத்துக்குப் பக்கம் மேலே 'புட்பால்' என்று போட்டிருந்தது. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அதில் படங்கள் இருந்தன. பையன்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"சார், பந்து ஏன் சார் மாங்கொட்ட மாதிரி இருக்குது?"

"அச்சாபீஸ்ல படம் நசுங்கியிருக்கு."

"தலையில இரும்புச் சட்டி கவுத்திருக்காங்களே சார்?"

"அங்கெல்லாம் பனி ஜாஸ்தி. காது அடச்சிக்கும்."

"இவன் பந்தக் கையில எடுத்துக்கிட்டு ஓடறானே?"

"அவன் கோலியா இருப்பான்."

"கோலி எதுக்கு சார் கோல வுட்டுட்டு ஓடறான்?"

பி.டி. சார் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "ஏதோ அவசரமா இருக்கும்" என்றார்.

ஆனால் அந்த மனிதரைச் சும்மா சொல்லக் கூடாது. புத்தகத்தில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தது. அதை அவர் பிடித்துக்கொண்டார். "இங்க பாருங்கடா. பந்து வெச்சிருக்கறவன் தோக்கறதில்ல. அவனுக்கு வழி பண்ண வேண்டியவன் தோக்கறான். நம்ம அல்போன்ஸ் கெட்டிக்காரன்தான். அவன் முன்னால மூணு பேரு நிக்கறானுங்க. அந்த மூணு பேரப் பாத்துக்கறது யாரு வேல? நம்ம எல்லாரும் பந்தப் பாக்கறோம். இனிமே பாதிப் பேரு பந்தப் பாக்கவே கூடாது. ஆளப் பாக்கணும். மறிக்கணும்."

மறிப்பதற்கும் பாடம் இருந்தது. கால் இரண்டும் தோள் அகலத்துக்கு. முழங்கால் மடங்க வேண்டும். இடுப்பு தாழ வேண்டும், முதுகு வளையக் கூடாது. அடி சின்னச் சின்னதாக, தரையைவிட்டு அதிகம் எழாமல். தலை நிமிர்ந்து எதிராளியின் இடுப்பைப் பார்க்க வேண்டும்; கண்ணும் காலும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. பழக்குவதற்குப் படத்தில் ஏதோ சறுக்குவண்டி காட்டியிருந்தார்கள். அது இல்லாததால் விடுதிக்கு விறகு கொண்டுவரும் கட்டை வண்டியை மாடு அவிழ்த்து நிறுத்தி, பையன்களைத் தோள் கொடுத்துத் தள்ளச் சொன்னார். முதல் நாள் சென்றாயன் தள்ளியதில் வண்டி விடுதிச் சுவரில் போய் மோதி நின்றது. பி.டி. சார் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உன்னப் பெத்தவங்க நல்லா இருக்கணும்டா" என்றார்.

அன்றைக்கே வேலை பிரிக்கப்பட்டது. சென்றாயன் பந்தைத் தொடவே வேண்டியதில்லை. அல்போன்ஸைக் காவல் காக்கிறவன் எவனோ அவனை மறிப்பது ஒன்றுதான் வேலை.

"சார், ஒரே ஒரு கோலு மட்டும் நான்..." என்று ஆரம்பித்தான்.

"உனக்கு எதுக்குடா கோலு?"

எதுக்கு என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? நின்றான்.

இதற்கிடையில் ஒரு கூத்து. பி.டி. சார் அந்தப் பயிற்சிக்கு 'மறியல்' என்று தமிழில் பேர் வைத்திருந்தார். பந்தை விடு, ஆளை மறி என்பதைச் சுருக்கி, "எல்லாரும் மறியலுக்கு வாங்கடா!" என்று சாயங்காலம் விசில் ஊதிக் கூப்பிடுவார். அறுபத்தைந்தில் இந்தியை எதிர்த்து மாணவர்கள் செய்த மறியல் முடிந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டாலே பிரின்ஸிபால் வாசல் கேட்டைப் பூட்டச் சொல்வார். ஒரு நாள் யாரோ அவரிடம், "பசங்கள்லாம் திடல்ல மறியலுக்குத் தயாராவுறாங்க, பி.டி. சாரே முன்னால நின்னு நடத்தறாரு" என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். வந்து பார்த்தால் பதினோரு பேர் மாட்டுவண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

"கோரிக்கை என்ன?" என்றார் மூச்சு வாங்க.

"கோல் போடணும் சார்" என்றான் அல்போன்ஸ்.

அன்றோடு மறியல் என்ற சொல் தடை செய்யப்பட்டது.

மார்கழியில் சேலத்துக்கு ஆடப் போனார்கள். படித்ததையெல்லாம் அங்கே இறக்கினார்கள். சென்றாயன், கோல் பக்கம் காவல் நிற்கும் எதிரி பேக் ஒருவனை, கட்டை வண்டியைத் தள்ளின மாதிரியே, மைதானத்துக்கு வெளியே கொய்யா மரம்வரை தள்ளிக்கொண்டு போய்விட்டு வந்தான். ரெப்ரி விசில் ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் அவருக்குக் கன்னம் வலித்து உட்கார்ந்துவிட்டார். பி.டி. சார் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், படத்தைக் காட்டி வாதாடினார். ரெப்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் புரட்டினார்.

"சார், இது அமெரிக்கா புட்பால். கையால ஆடறது. இது வேற ஆட்டம்" என்றார் மரியாதையாக.

ஐந்து கோலில் தோற்றார்கள். போட்டது ஒன்றுமில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் பி.டி. சார் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், அழுதிருப்பார். தொப்பூர் ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் பாரம் ஏற்றிய லாரி ஒன்று ஏற முடியாமல் நின்றிருந்தது. கிளீனர் இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டான். டிரைவர் டீக் குடிக்கப் போய்விட்டார். சென்றாயன் அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு கைப்பிடி அளவு மரத்துண்டு. அதன்மேல் அத்தனை பாரமும் சாய்ந்து நின்றது.

"சார்" என்றான். "அந்தக் கட்ட லாரியத் தள்ளலீங்களே."

"அதுக்கென்ன இப்ப?"

"சும்மா இருக்குது. மொதல்லயே போய் இருந்துக்கிச்சு. அதுக்கப்பறம் சக்கரம்தான் வந்து அதும்மேல மோதுது. நாம போய் ஆள இடிச்சாத்தானே பவுலு? நாம மொதல்லயே போய் நின்னுக்கிட்டு, அவன் வந்து நம்மமேல மோதுனா அது யாரு தப்புங்க சார்?"

பி.டி. சார் மெதுவாக ஜன்னலைவிட்டுத் திரும்பினார். புத்தகத்தைத் திறந்தார். கால் அகலம், இடுப்பு தாழ்வு, சின்ன அடி, இடுப்பைப் பார்க்கிற பார்வை, எல்லாம் அப்படியே இருந்தன; தள்ளுவதை மட்டும் எடுத்துவிட்டால் போதும். எதிராளி எங்கே போகப் போகிறான் என்று இடுப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, சின்ன அடியில் அவனுக்கு முன்னால் அங்கே போய் நிற்க வேண்டும். பிறகு நகரக் கூடாது.

"அப்ப பாடம் இனிமே நிக்கிறது" என்றார். டீம் முழுக்கச் சென்றாயனைப் பார்த்தது. அவனைவிட்டால் அதில் பழக்கம் யாருக்கு?

பழகினார்கள். சிரிப்பாகத்தான் இருந்தது. சாயங்காலம் திடல் பக்கமாகப் போகிறவர்கள், புட்பால் பழகுகிறோம் என்று பத்துப் பேர் இடுப்பைத் தாழ்த்திக்கொண்டு சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டு, இதற்கா படிக்க அனுப்பினோம் என்று போனார்கள். ஆனால் அல்போன்ஸ் ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "சார், வழி இருக்குது சார்" என்றான். அந்தப் பையன் அதற்கு முன்னால் வழியைப் பார்த்ததே இல்லை.

பொங்கல் வந்தது. போட்டிக்கு முந்தின நாள் பாப்பாரப்பட்டிச் சந்தையில் பாஞ்சாலி, கத்திரிக்காய் பொறுக்குகிற சாக்கில் சென்றாயன் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"நாளைக்கு எப்பிடியாவது ஒண்ணு போட்டுடு மாமா. காலால வராட்டி எதால போட்டாலும் சரி. எங்கம்மா ஒரு வார்த்த சொன்னா மாத்த மாட்டாங்க. எனக்கு அந்த லாரி வூடு வேணாம்."

"நான் பந்தத் தொடற ஆளு இல்ல பாஞ்சாலி. நிக்கிற ஆளு."

அவள் கையிலிருந்த கத்திரிக்காயை அவன்மேல் எறியாத குறை. "அங்கயுமா?" என்றாள்.

மறுநாள் ஊரே திடலில் கூடிவிட்டது. முனியப்பன் கட்டை வண்டியை ஓரத்தில் நிறுத்தி, அதன்மேல் மனைவியையும் மகளையும் ஏற்றி உட்கார வைத்து, தான் கோட்டருகில் போய் நின்றுகொண்டார். எதிர் டீம் ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அதில் ஒரு பேக் இருந்தான், சென்றாயனையே சின்னப் பையனாகக் காட்டுகிற தடியன். அல்போன்ஸுக்குக் காவல் அவன். அவனுக்குக் காவல் சென்றாயன்.

முதல் பாதி நன்றாகத்தான் போனது. தடியன் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் சென்றாயன் முன்கூட்டி இருந்தான். தடியன் மோதிக்கொண்டான். ரெப்ரியைப் பார்த்தான். ரெப்ரி, நிற்கிறவனை என்ன செய்ய என்று கையை விரித்தார். அல்போன்ஸ் இரண்டு தடவை தனியாக உள்ளே புகுந்தான். ஒன்று கம்பத்தில் பட்டது, ஒன்று கோலி கையில் போனது.

அப்புறம் வந்தது வினை. பந்து எங்கோ பட்டு உருண்டு வந்து, நேராகச் சென்றாயன் காலடியில் நின்றது. கோல் எதிரிலேயே இருந்தது.

"அடிடா மாப்ள! அடிடா என் ராசா!" என்று முனியப்பன் தொண்டை கிழியக் கத்தினார்.

சென்றாயன் வண்டிப் பக்கம் பார்த்தான். பாஞ்சாலி எழுந்து நின்றிருந்தாள். அவ்வளவுதான், புத்தி போய்விட்டது. தடியனை விட்டான், காலை வீசினான். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. விடுதிச் சமையல்காரரிடம் இரவல் வாங்கிப் போட்டிருந்த கான்வாஸ் ஷூ மட்டும் கழன்று வானத்தில் ஏறி, கோல் கம்பத்துக்கு மேலாகப் போய் விழுந்தது. முனியப்பன் அதைப் பந்து என்று நினைத்துத் துண்டைச் சுழற்றிக் குதித்தார். அதற்குள் தடியன் பந்தை எடுத்து நெடுக அடிக்க, அந்தப் பக்கத்தில் அவர்கள் கோல் போட்டுவிட்டார்கள்.

இடைவேளையில் பி.டி. சார் ஷூவைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். "நீ அங்கயே நின்னிருந்தா அந்தத் தடியன் பந்துகிட்ட வந்திருக்க மாட்டான்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அல்போன்ஸுக்குப் பாஞ்சாலி விஷயம் தெரியும். தனியாக இழுத்துப் போய்ச் சொன்னான்: "டேய், எனக்கு வர்ற பந்த உனக்கே தள்ளி வுடறேன். நீயே அடிச்சிக்கோ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அல்போன்ஸ் சொன்னால் செய்வான். ஆனால் சென்றாயன் யோசித்துப் பார்த்தான். இவன் நின்றால்தான் அல்போன்ஸுக்கு வழி. அல்போன்ஸ் வந்தால்தான் பந்து வரும். பந்துக்காக இவன் நகர்ந்தால் அந்த நிமிஷமே வழி அடைத்துக்கொள்ளும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் இவன் கோல் போடுகிற இடம் இந்த ஆட்டத்தில் இல்லை. பாஞ்சாலி தொப்பூருக்குப் போகப் போகிறாள். அழுகை வந்தது. ஷூ கயிற்றைக் குனிந்து கட்டுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வேணாம்டா. நான் நிக்கிறேன். நீ போ" என்றான்.

அதற்கப்புறம் நின்றான் பாருங்கள், அதுதான் நிற்பது! தடியன் வலப்பக்கம் போனால் வலப்பக்கம் இருந்தான். இடப்பக்கம் போனால் அங்கேயும் இருந்தான். "ஏய், பக்கக்கே ஹோகோ!" என்று தடியன் கன்னடத்தில் ஒதுங்கச் சொன்னான்; அப்புறம் இவன் அப்பனைச் சொன்னான், தாத்தாவைச் சொன்னான். சென்றாயனுக்குக் கன்னடம் நன்றாகப் புரியும். புரியாத மாதிரி நின்றான். நெஞ்சில் நெஞ்சு மோதியது. சென்றாயன் கை ஓங்கவில்லை, கால் பெயரவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் அல்போன்ஸ் சந்தில் புகுகிற பூனை மாதிரி புகுந்து போய் ஒன்று போட்டான். ஒன்றுக்கு ஒன்று.

முடிகிற நேரம். கார்னரிலிருந்து பந்து வந்து மேலும் கீழுமாகத் தத்தி, வெளியே அல்போன்ஸ் காலுக்குப் போனது. கோலுக்கு முன்னால் தடியன். தடியனுக்கு முன்னால், பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் இடுப்பையே பார்த்தபடி சென்றாயன். அல்போன்ஸ் உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தான்.

சென்றாயனுக்கு முதுகில் இடி விழுந்தது. எவனோ கல்லை விட்டெறிந்துவிட்டான் என்றுதான் நினைத்தான். அப்போதும் நகரவில்லை. எதிரில் தடியன் முகம் தொங்கிப் போனதைப் பார்த்து, இவனுக்கு என்ன ஆச்சு என்று பரிதாபப்பட்டான். பந்து அவன் முதுகில் பட்டு மேலே எழும்பி, கோலியின் தலைக்கு மேலாகப் போய் உள்ளே இறங்கியிருந்தது. நாலா பக்கமும் ஆள் ஓடி வந்து இவனைத் தூக்கியபோதுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்தது.

மைக்செட்டில் அறிவித்தார்கள்: "வெற்றி கோல் போட்டவர், நம்ம ஊர் முனியப்பன் அவர்களின் மாப்பிள்ளை சென்றாயன்!" மாப்பிள்ளை என்பது முனியப்பன் ஓடிப்போய்ச் சொல்லிக் கொடுத்தது. பி.டி. சார் கோப்பையைக் கட்டிக்கொண்டு, "புஸ்தகத்துல இது இல்லியேடா, இது இல்லவே இல்லியே" என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலையும் கழுத்துமாக மருமகனை முனியப்பன் வீட்டுக்குக் கூட்டி வந்தார். வழியெல்லாம் கூட்டம். ஆளாளுக்கு அந்த முதுகைத் தட்டினார்கள்; ஏற்கனவே கன்றிப் போயிருந்த முதுகு.

"என்னாடி சொல்ற இப்ப?" என்றார் முனியப்பன் வாசலிலேயே. "கோலு போட்டானா இல்லியா?"

நஞ்சம்மாள் நடுவீட்டில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். சென்றாயன் வாசலைத் தாண்டவில்லை. மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"அத்த, அது நான் போட்டதில்லீங்க" என்றான். "அல்போன்ஸு அடிச்சது. எம்மேல பட்டுப் போயிடுச்சு. நான் பாக்கக்கூட இல்ல. அதக் கணக்குல சேக்காதீங்க."

முனியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. பாஞ்சாலி கையிலிருந்ததாக இருக்க வேண்டும்.

"ஏன்டா, எனக்குத் தெரியாதா?" என்றாள் நஞ்சம்மாள். "ஊரே பந்தப் பாத்துச்சு. நான் பந்தையா பாத்தேன்? ஒரு பந்து பின்னால இருவது தடிப்பயலுங்க ஓடறத என்னன்னு பாக்கறது? நான் உன்னத்தான் பாத்தேன். எங்கியாவது தப்புப் பண்ணுவ, உங்க மாமன்கிட்ட சொல்லிக் காட்டலாம்னு, கண்ண எடுக்காம பாத்தேன்."

சென்றாயன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒருக்கா நவுந்த. செருப்பு பறந்துச்சு. அப்பத்தான் அவங்க கோலு போட்டாங்க. அதுக்கப்பறம் நீ நவுரல. அந்த எருமமாடு நெஞ்சுல இடிக்கிறான், எங்கெங்கியோ போயித் திட்டறான். நீ ஏன்னு கேக்கல. அந்த ஒல்லிப் பையன் உன் பின்னால பூந்து பூந்து போறான், ஊரு அவனுக்குக் கை தட்டுது. உன்ன ஒரு நாயும் பாக்கல. அப்பவும் நீ அங்கியேதான் நின்ன."

"அப்ப கோலு?" என்றார் முனியப்பன், குழம்பிப் போய்.

"கோலு கெடக்குது போ." நஞ்சம்மாள் முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது. "எங்கண்ணன் மவன் நல்லவன்தான். கொற சொல்ல மாட்டேன். ஆனா அவன் ஓடிக்கிட்டே இருக்கறவன். லாரிங்க உருளுற அந்தத் தொப்பூரு எறக்கத்துல ஏதாவது சத்தம் கேட்டா, எங்கண்ணி சோத்துத் தட்ட அப்பிடியே வெச்சிட்டு ரோட்டுக்கு ஓடறா. எத்தினி வருசமா ஓடறா. எம் பொண்ணு அப்பிடி ஓடக் கூடாது. அவளுக்கு நிக்கிறவன் போதும்."

முனியப்பன் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சென்றாயனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாலையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

நஞ்சம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னும் எதுக்குடா நிக்கிற?" என்றாள். "உள்ள வந்து உக்காரு. பாஞ்சாலி, உங்க மாமனுக்கு மோர் கொண்டா."